புள்ளலூர்ப் புகை

தோற்கச் சொல்லித்தான் என் வீட்டுக்காரரை அனுப்பி வைத்தேன். ஜெயிக்கத்தான் சாமர்த்தியம் வேண்டும், தோற்க எதுவும் வேண்டாம் என்று நினைத்தது என் தப்பு.

எங்கள் தங்கச் சுரங்கத்து சூப்பரிண்டெண்ட் கங்காதரன் மெட்ராஸ்காரர், சீமையில் படித்தவர். கப்பலேறிப் போன வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் விட்டுச் சென்ற ஈயச் சிப்பாய்களை ஏலத்தில் எடுத்தார். எடுத்தவர் அலமாரியில் வைத்து அழகு பார்த்திருக்கலாம். கிளப்பில் பிங்பாங் மேசையின் மேல் தங்கம் பிரித்த பிறகு குவித்துவைத்த சயனைடு மேட்டு மண்ணைக் கொட்டி, கண்ணாடித் துண்டால் ஏரியும் முருங்கைக் குச்சிகளால் தோப்பும் வைத்து, 1780-இல் காஞ்சிபுரத்துப் பக்கம் நடந்த புள்ளலூர் சண்டையை மறுபடி நடத்தப் போவதாகச் சொன்னார். அந்தச் சண்டையில் ஹைதர் படை கும்பினிப் படையைத் துவைத்துக் காயப்போட்டது. சுதந்திரம் வந்து இத்தனை வருஷம் கழித்தும் நம்ம சூப்பரிண்டெண்ட் கும்பினி பக்கம்தான் உட்காருவாராம். இந்தத் தடவை கும்பினி ஜெயிக்குமாம். ஹைதர் பக்கம் உட்கார ஓர் ஆள் வேண்டும் என்று ஷிஃப்ட் பாஸ் இன்பராஜைக் கூப்பிட்டார். அவர்தான் என் வீட்டுக்காரர்.

அந்த மாசம் ஃபோர்மேன் வேலை ஒன்று காலியாக இருந்தது. அந்த வேலைக்குச் சுரங்கத்தை ஒட்டிய கோரமண்டல் பகுதியில் தோட்டம் வைத்த குவார்ட்டர்ஸ் உண்டு. நாங்கள் இருந்ததோ தட்டி மறைத்த லைன் வீடு; பக்கத்து வீட்டில் தும்மினால் எங்கள் வீட்டு விளக்கு ஆடும். தெருக்குழாயில் குடத்துக்கு மல்லுக்கட்டியே என் வயசு போய்க்கொண்டிருந்தது. அந்தத் தோட்ட வீட்டுக்கு நான் ஏங்கினேன். சொல்ல எனக்கு வெட்கமில்லை.

"இன்னாங்க, தோத்துட்டு வாங்க. ஆனா வேணும்னே தோக்கறாப்பல தெரியக்கூடாது" என்றேன்.

"அதெல்லாம் பாத்துக்கறேன் பியாட்ரிஸ். தோக்கறது ஒரு வேலையா?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கிளப்பில் கூட்டம். அதிகாரிகளும் ஷிஃப்ட் பாஸ்களும் மேசையைச் சுற்றி, பொம்பளைகள் நாற்காலியில், தொழிலாளிகளுக்கு ஜன்னலுக்கு வெளியே இடம். அந்த ஜன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தான் என் தம்பி ஏனோக். என் வீட்டுக்காரர் ஷிஃப்டில்தான் அவன் பாறை குடையும் ட்ரில் பிடிக்கிறான்.

ஈயச் சிப்பாய்கள் எல்லாம் சிவப்புக் கோட்டு. ஹைதர் பக்கத்துக்குப் பொம்மையே இல்லாததால் கேரம்போர்டு காய்களை வைத்திருந்தார்கள். தாயக்கட்டை உருட்டி நகர்த்த வேண்டும். என் வீட்டுக்காரர் மனசாட்சியோடு தோற்கப் பார்த்தார். குதிரைப்படையைச் சண்டைக்குச் சம்பந்தமே இல்லாமல் ஏரிக்குப் பின்னால் அனுப்பினார். பீரங்கிகளைக் காவலில்லாமல் நிறுத்தினார். ஆனால் சூப்பரிண்டெண்ட் அவரைவிட மோசமாக ஆடினார். போதாக்குறைக்கு ஓர் உருட்டில் கும்பினியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்தன. அசல் சண்டையிலும் அப்படித்தான் வெடித்ததாம். நடுவர் டக்ளஸ், அவரும் ஒரு ஷிஃப்ட் பாஸ், மேசை நடுவே பஞ்சைப் பிய்த்து வைத்தார். அதுதான் புகை.

புகைக்கு அந்தப் பக்கம் ஹைதரின் பீரங்கிகள் அனாதையாக நின்றன. சிவப்புக் கோட்டுகள் பஞ்சுக்குள் நுழைந்து வெளியே வந்தால் ஆட்டம் முடிந்தது, வீடு எனக்கு. சூப்பரிண்டெண்ட் சிப்பாய்களை வாரி எடுத்துக் கையை நீட்டினார். என் வீட்டுக்காரர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், புகை அடங்கல."

"இது பஞ்சு, இன்பராஜ்."

"தெரியுது சார். ஆனா வெடிச்ச எடத்துல ஒடனே எப்டி சார் ஆளை வுடறது?"

கீழே சுரங்க லெவலில் பாறைக்கு வேட்டு வைத்தால் அரை மணி நேரத்துக்கு எவனும் உள்ளே போகக் கூடாது. அந்தப் புகை மூச்சில் ஏறினால் ஆள் சுருண்டுவிடுவான். வருஷக்கணக்காக ஆட்களை மறித்து நிறுத்திய கை, ஈயத்தையும் மறித்துவிட்டது. நான் அவரைப் பார்த்து முறைத்தேன், இருமினேன், அச்சுமுறுக்குத் தட்டைக் கீழே போட்டேன். அவர் திரும்பவே இல்லை.

டக்ளஸ் விதிப் புத்தகத்தைப் பார்த்தார். "புகைல போலாம்னுதான் சார் எழுதிக்கீது" என்றவர், புத்தகத்தை மூடினார். "எழுதினவன் ஷாஃப்ட்ல எறங்கினதில்ல போல. வெயிட் பண்ணுங்க சார்."

ஜன்னலில் ஒரே கைதட்டல். என் தம்பி விசிலே அடித்தான். சிவப்புக் கோட்டுகள் காத்திருந்தன. தோற்பதற்காக ஏரிக்குப் பின்னால் அனுப்பிய குதிரைப்படை, போக வேறு இடமில்லாமல் சுற்றி வந்து அவர்கள் முதுகுக்குப் பின்னால் நின்றது. கும்பினி மறுபடியும் தோற்றது.

அந்த வாரம் முழுக்க நான் அவரோடு பேசவில்லை. சோறு மட்டும் போட்டேன், அதையும் ஓசையோடு போட்டேன்.

சனிக்கிழமை அவர் வந்து ஒரு சாவியை என் முன்னால் வைத்தார். கோரமண்டல் வீட்டுச் சாவி. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. அவர் மட்டும் உட்காரவில்லை.

"'உன்னை மாதிரி ஜாக்கிரதையான ஆளுதான் ஃபோர்மேன் ஆவணும்'னு சூப்பரிண்டெண்ட் சொன்னாரு" என்றார். "காலைல ஒரு நோட்டீஸ்ல கையெழுத்துப் போடணும். இனிமே புகைக்கு அரை மணி வேணாம், பத்து நிமிஷம் போதும்னு. ஷிஃப்டுக்கு ரெண்டு வண்டி தங்கக் கல்லு கூடுதலா வருமாம்."

"அதுல எதுக்கு உங்க கையெழுத்து?"

"கிளப்புல எல்லாரும் பாத்தாங்க இல்ல? ஈயத்துக்கே காவல் நின்னவன் சொன்னா எவனும் எதிர்த்துக் கேக்க மாட்டானாம்."

"மொதல்ல உள்ள போறது எந்த கேங்?"

"ஏனோக் கேங்."

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பஞ்சுக்கு யாரையும் கேட்காமல் சூப்பரிண்டெண்ட் கையைப் பிடித்த மனுஷன், இதற்கு மட்டும் என் வாயைப் பார்க்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சாவியை எடுத்து அவர் சட்டைப் பையில் போட்டேன்.

"போய்க் குடுத்துட்டு வாங்க."

அவர் தெருவில் இறங்கினதும் உட்கார்ந்து அழுதேன். திரும்பி வந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏனோக்குக்கு ஒண்ணும் ஆவாது, அழாதே" என்று தேற்றினார். நான் அழுதது வீட்டுக்காக.