ஆறு வீட்டுக்கும் ஒரே பரண்

பனி கொட்டத் தொடங்கி மூன்றாம் நாள் நண்பகல், ஆறாவது வீட்டு நேத்தனின் குரல் முதல் வீட்டுப் பரணிலிருந்து இறங்கி வந்தது. மனைவி கெசியாவுக்கு வலி கண்டுவிட்டதாம், அத்தை உடனே வர வேண்டுமாம். முதல் வீட்டில் இருந்த மருத்துவச்சி, தாமசின் என்பவள், வாசற்கதவைத் திறந்தாள். எதிரே வாசல்நிலைக்கு மேல்வரை பனி, வெள்ளைச் சுவராக.

இங்கிலாந்தின் பென்னைன் மலைச்சரிவில், ஈயச் சுரங்க முதலாளி தன் ஆட்களுக்காக ஒட்டி ஒட்டிக் கட்டிய வீட்டு வரிசை அது. கல்லை மிச்சம் பிடித்த கொத்தனார், கூரைக்கடியில் நடுச்சுவர்களை எழுப்பாமலே விட்டிருந்தார். ஒருத்தர் இருமினால் ஆறு வீடும் விழிக்கிறதே என்று அவரைத் திட்டாதவர்கள் இல்லை. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தாமசின் ஏணியில் ஏறினாள்.

பரணில் வெளிச்சம் பாலாகக் கசிந்தது. கூரைக்கற்களின் இடுக்கில் பனித்தூள் சத்தமில்லாமல் உதிர்ந்துகொண்டிருந்தது. உத்தரத்தின் மேல்தான் கால் வைக்க வேண்டும். மற்றதெல்லாம் மெல்லிய சட்டத்தில் பூசிய சுண்ணாம்பு. கீழே இரண்டாம் வீட்டில் யாரோ வேதம் வாசித்தார்கள். மூன்றாம் வீட்டில் கஞ்சிக்குச் சண்டை. வெங்காய மணமும் ஈரக் கம்பளி மணமும் மாறி மாறி எழும்பின. நடக்கிறோமா மிதக்கிறோமா என்றே அவளுக்குப் புரியவில்லை.

அந்த மயக்கத்தில்தான் நாலாம் வீட்டில் கால் தவறியது. கிழவர் கத்பர்ட்டின் சாப்பாட்டு மேசைக்கு மேலே முழங்கால் வரை தொங்கியது.

"தாமசின், இப்போதைக்குக் காலு மட்டும் வந்திருக்கு. மீதி எப்ப வரும்?"

"சிரிச்சது போதும். தள்ளிவிடு."

அவர் நாற்காலியில் ஏறித் தள்ளிவிட்டார்.

கடைசி வீட்டில் நேத்தன் கைத்தாங்கலாக இறக்கினான். கெசியா போர்வையைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். போன வருஷம் முதல் பிள்ளை மூச்சில்லாமல் பிறந்திருந்தது. கெசியாவின் வயிற்றைத் தாமசின் தொட்டுப் பார்த்தாள். தலை இறங்கிவிட்டது, இவள்தான் முக்காமல் மூச்சை அடக்கி அடக்கி வைத்திருந்தாள்.

"கத்துடி."

"வேணாம் அத்தை. எல்லாருக்கும் கேக்கும். போன தடவையும் கேட்டுட்டு, அப்புறம் ஒருத்தரும் என் மூஞ்சியப் பாக்கல."

"இன்னிக்கு என் முழங்காலையே பாத்துட்டாங்க. கேக்கட்டும்."

கெசியாவுக்குச் சிரிப்பு வந்தது. பாதியிலேயே அது அலறலாக மாறிக் கூரை நெடுக ஓடியது. வேதம் நின்றது. சண்டை நின்றது. அவள் மறுபடி அலறினாள், மறுபடியும். அதன்பின் கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. பிறந்த பிள்ளையின் சின்ன முதுகைத் தாமசின் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு இன்னொரு குரல், கரகரவென்று, புத்தம் புதிதாக. அது ஓயும்வரை ஆறு வீட்டிலும் ஒருவரும் கரண்டியைத் தொடவில்லை.