கூடில்லாத வீட்டில் கிளிப் பாடம்

1.

இந்தக் கதை எனக்கு எங்கள் குசினி ஜன்னலில் கிடைத்தது. ஒட்டுக்கேட்டுக் கிடைத்தது என்று நீங்கள் சொல்லலாம். நான் கரட் நறுக்கிக்கொண்டிருந்தேன் என்றுதான் எழுதுவேன். (இரண்டு மாதமாகவா கரட் நறுக்கினாய் என்று கேட்கிற வாசகர் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.)

பக்கத்து வீட்டு றமீஸா பாடசாலைச் சீருடை தைக்கிறவள். வயது முப்பத்தாறு. அம்பிட்டியவில் எங்கள் ஒழுங்கை சரிவானது, வீடுகள் நெருக்கமானவை. அவளுடைய பக்க ஜன்னலுக்கும் எங்கள் குசினி ஜன்னலுக்கும் நடுவே ஓர் ஆள் ஒருக்களித்து நடக்கிற இடம்தான். பின்னேரம் நாலு மணிக்குத் தையல் மெஷின் நிற்கும். போனில் ஒரு பெண் குரல் இங்கிலீசில் ஏதோ சொல்லும். அதன் பின்னால் றமீஸா சொல்லுவாள்:

“ஐ கிளீன் த கேஜ் எவ்ரி மோர்னிங்.”

தினமும் காலையில் கூட்டைக் கழுவுகிறாளாம். அந்த வீட்டில் கூடே இல்லை.

2.

முதல் ஆரம்பத்தை இப்படி எழுதினேன்:

‘றமீஸாவின் அலுமாரிக்குள் ஒளித்து வைக்கப்பட்டிருந்த அந்தக் காட்டுக் கிளி, ஒருநாள்…’

விட்டுவிட்டேன். கிளியை ஒளிக்கலாம், கிளியின் வாயை எங்கே ஒளிப்பது? அவளுடைய குப்பைப் பையிலும் ஓர் இறகு கிடையாது, ஒரு விதைத் தோல் கிடையாது. (பை தானாகக் கண்ணில் பட்டது. நான் கிளறவில்லை. கம்பு மட்டும் என்னுடையது.)

இரண்டாவது ஆரம்பம்:

‘போனில் கேட்ட பெண் குரலுக்குப் பின்னால் ஓர் ஆண்…’

அதுவும் சரிவரவில்லை. “ஹிஸ் ட்ரொப்பிங்ஸ் ஆர் வோட்டரி” என்று ஒருநாள் முழுக்கப் படித்தாள். எச்சம் தண்ணீராகப் போகிறது என்று எவளும் காதலனுக்குச் சொல்ல மாட்டாள்.

எழுத முடியாத சந்தேகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கடைக்குக் கொண்டுபோனேன். பருப்பு நிறுக்கும்போது, “மஹ்மூத் நானா, நம்ம றமீஸா வீட்டுல கிளி வளக்கிறா போல. வெளிய காட்டுறதில்ல” என்றேன். அவ்வளவுதான். (அடிக்குறிப்பு: நான் ‘போல’ என்றுதான் சொன்னேன். ஒழுங்கையில் அந்தச் சொல்லை மட்டும் யாரும் வாங்கிக்கொண்டு போகவில்லை.) மூன்றாம் நாள், அந்தக் கிளி சலாம் சொல்லுமாம் என்று எனக்கே ஒருத்தி வந்து சொன்னாள்.

3.

என் கதாபாத்திரத்தின் மேல் எனக்கு நம்பிக்கை போன இடம் இது.

கெலிஓயாவில் தங்கச்சி வீட்டில் மூன்று நாள் நின்றேன். போவதற்கு முதல் நாள்தான் கிளிக்கு நகம் வெட்டும் பாடம் தொடங்கியிருந்தது. திரும்பி வந்து கரட்டை எடுத்தால், அதே நகம். விட்ட வரியிலிருந்தே தொடங்குகிறாள். அந்நேரத்துக்கு இறகு உதிர்கிற பாடத்துக்குப் போயிருக்க வேண்டாமா? காய்ச்சலாகக் கிடந்தாளோ என்று விசாரித்தேன். இல்லை, மூன்று நாளும் மெஷின் ஓடியிருக்கிறது.

இன்னொன்று. அவளுடைய பெரிய ஜன்னல் ரோட்டுப் பக்கம். வெளிச்சமும் காற்றும் அங்கேதான். கதிரையைத் தூக்கிக்கொண்டு இந்த இருட்டு ஜன்னலடிக்கு ஏன் வருகிறாள்?

(ஒரு நல்ல எழுத்தாளர் இங்கேயே கண்டுபிடித்திருப்பார். நான் எங்கள் கரட் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.)

4.

நேற்று றமீஸா நாலு ரோல்ஸோடு வந்தாள். ரோல்ஸ் சூடாக இருந்தது. சந்தேகம் அதைவிடச் சூடாக.

“கலா அக்கா, மஸ்கட்ல ஒரு வேல சரிவரப் போகுது. வயசான இங்கிலீஸ்காரி ஒருத்தி. ஊட்டுல முப்பது குருவி, கிளி ஈக்கிது. அதுகளப் பாக்கிறது மட்டும்தான் வேல.”

“ஒனக்குக் கிளியப் பத்தி என்னா தெரியும்?”

“இங்கிலீசுல எல்லாம் தெரியும்.”

ஏழு வருடத்துக்கு முன் குவைத்தில் வீட்டு வேலை செய்துவிட்டு வந்தவள் அவள். அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. நேற்றுப் பேசினாள்.

“மனுசர்ட கக்கூஸ் கழுவினது போதும் அக்கா. மகள் அடுத்த வருசம் ஏஎல் சோதின எடுக்கிறா. மெஷின் மிதிச்சி மிதிச்சி இந்த இடுப்பு அதுவரைக்கும் தாங்காது. கிளி பேசினாப் பேசட்டும், ஏசாது தானே.”

“சரி, நான் என்னா செய்யணும்?”

“ஆறு வருசமா குருவி வளக்கிறன்டு சொல்லி ஈக்கிறேன். பக்கத்து ஊட்டு ஆள் ஒருத்தர்ட கேக்கணுமாம். ஒங்கட நம்பரக் குடுத்தேன். நாளக்கி நாலு மணிக்கு எடுப்பா.”

“அடியே! எனக்கு ஏதுடி அவ்வளவு இங்கிலீஸ்?”

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். “அக்கா, ராவைக்குக் கூட்ட என்ன செய்யணும்?”

“கவர் த கேஜ் அட் நைட்” என்றது என் வாய், என்னைக் கேட்காமல்.

“நகம் வெட்டக்கொள ரத்தம் வந்தா?”

“யூஸ் எ லிட்டில் கோர்ன் ஃப்ளவர்.” சோளமா வைக்க வேண்டும் என்பதுகூட எனக்குத் தெரிந்திருந்தது.

“அந்தப் பாடத்துக்குத்தான் மூணு நாள் காத்துக்கொண்டு ஈந்தேன், நீங்க கெலிஓயாவுல இருந்து வார வரைக்கும்.”

என் கையிலிருந்த ரோல்ஸ் ஆறிப்போனது.

“என்னையப் பொய் சொல்லச் சொல்றியா?”

“பொய்ய நான் தொடங்கல்லியே அக்கா. எங்கட ஊட்டுல கிளி ஈக்கிதுன்டு மஹ்மூத் நானாட்ட சொன்னது யாரு?”

5.

இப்போது மணி மூன்று ஐம்பத்தைந்து. இந்தத் தாளுக்குப் பக்கத்தில் போன்.

முடிவு ஒன்று: ‘யெஸ்’ என்கிறேன். றமீஸா போகிறாள். மகள் படிக்கிறாள். முதல் நாள் காலை கூட்டைத் திறந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் உயிருள்ள குருவியைக் கையில்… (குருவியின் பக்கமிருந்து யோசித்துப் பார்த்தேன். மேலே எழுதவில்லை.)

முடிவு இரண்டு: அந்த வீட்டில் ஓர் இறகும் இல்லை என்கிறேன். உண்மை. நான் ஒழுங்கை முழுக்கப் பறக்கவிட்ட கிளி அப்போது செத்துவிழும். மெஷின் சத்தம் இந்த ஜன்னலால் எனக்குக் கேட்டுக்கொண்டே இருக்கும், அவளுடைய இடுப்பு உள்ளவரை.

முடிவு மூன்று: போனை எடுக்காமல் விடுகிறேன். அதுவும் இல்லை என்று சொன்ன மாதிரித்தான். கொஞ்சம் கோழைத்தனமாக.

எதிர் ஜன்னல் இன்றைக்கு மூடியிருக்கிறது. இரண்டு மாதத்தில் இதுதான் முதல் தடவை. அதற்குப் பின்னால் ஒரு கதிரை இழுபட்டது, பிறகு சத்தமில்லை. இன்று ஒட்டுக்கேட்கிற முறை அவளுடையது.

போன் அடிக்கிறது. நீளமான வெளிநாட்டு நம்பர்.

என்னை ஏன் பார்க்கிறீர்கள்? கூடு, நகம், எச்சம் என்று எல்லாப் பாடமும் உங்கள் காதிலும்தானே விழுந்தது. கரட்கூட நறுக்காமல் கேட்டவர் நீங்கள்.

எடுங்கள்.