கடைசி குவார்ட்டர்ஸின் நத்தைகள்

நத்தைக்குக் காது இருந்திருந்தால், அன்று காலை இசக்கியம்மாள் திட்டிய திட்டுக்கு நெய்வேலியை விட்டே ஓடியிருக்கும். முந்தின நாள் வரை தளதளவென்று நின்ற அவரைக்கொடியில் குருத்து என்று ஒன்று இல்லை. வெண்டை இலையில் நரம்புதான் மிச்சம். கத்தரிப் பூவைக்கூட விடவில்லை. முஷ்டிப் பருமனில் பத்துப் பன்னிரண்டு நத்தைகள், விருந்துக்கு வந்த மாப்பிள்ளைகள் மாதிரி வயிறு நிறைந்து சுவரோரம் ஒட்டிக்கிடந்தன.

"நாசமாப் போற நத்தை! ஒத்தக் காயி திங்க விடுதா பாருங்க!"

முதல் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அவள் கணவர் கருப்பசாமி, பூட்ஸ் கயிற்றைக் கட்டாமலே பின்வாசலுக்கு ஓடிவந்தார்.

அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. கருப்பசாமிக்கு நிலக்கரி மைன்ஸில் வேலை கிடைத்து, கோவில்பட்டிப் பக்கமிருந்து இருவரும் இங்கே வந்து இருபத்தெட்டு வருஷம். புரமோஷன் வர வர கம்பெனி கொடுக்கிற வீடு மாறும். அந்த அலாட்மெண்ட் ஆர்டரும் காய்க்கிற சமயம் பார்த்துத்தான் வந்து தொலையும். முதல் வீட்டில் புடலை பூத்திருந்தது. அடுத்ததில் முருங்கை பிஞ்சு பிடித்திருந்தது. மூன்றாவதில் வாழை குலை தள்ளியிருந்தது. பின்னால் அங்கே குடிவந்த ராஜாம்பாள் கடைத்தெருவில் இவளைப் பார்த்து, "உங்க தாரு பதினோரு சீப்புங்க, என்னா ருசிங்கறீங்க!" என்று சொல்லிவிட்டுப் போனாளே தவிர, ஒரு பழம் கொடுக்கவில்லை. அந்த வயிற்றெரிச்சல் இன்றுவரை ஆறவில்லை.

இது நான்காவது வீடு. இதுதான் கடைசி. 2015 டிசம்பரோடு கருப்பசாமி ரிட்டையர்டு. ஜனவரி பத்தாம் தேதி சாவியைக் கொடுத்துவிட்டு, மதுரையில் மகள் அருள்மொழி பார்த்துவைத்திருக்கும் மூன்றாவது மாடி வீட்டுக்குப் போயாக வேண்டும். அங்கே மண் ஏது? ஆகவே தன் கையால் நட்டதில் ஒரு சட்டியாவது சமைத்துத் தின்றுவிட்டுத்தான் இந்த ஊரை விட்டுப் போவது என்று இசக்கியம்மாள் வைராக்கியமாக இருந்தாள். பெரிய ஆசையெல்லாம் இல்லை. ஒரு சட்டி.

நத்தைமேல் உப்பைக் கொட்டிப் பார்த்தாள். நத்தை நாலு செத்தது, கூடவே ரெண்டு கத்தரிச் செடியும் போனது. செடியைச் சுற்றிச் சாம்பல் போட்டால் நத்தை தாண்டாது என்று அம்மா சொல்லியிருந்தது நினைவுக்கு வந்தது. கேஸ் அடுப்பு எரிகிற வீட்டில் சாம்பலுக்கு எங்கே போவது?

கருப்பசாமி நெஞ்சை நிமிர்த்தினார். "ஏட்டி, நெய்வேலியில இருந்துக்கிட்டு சாம்பலுக்கா பஞ்சம்?"

அனல்மின் நிலையத்தில் வேலை பார்க்கும் கொளஞ்சிநாதனிடம் சொல்லி, மறுநாளே மூன்று மூட்டை நிலக்கரிச் சாம்பலை வண்டியில் ஏற்றி வந்துவிட்டார். மாவு மாதிரி நைசாக இருந்தது. ஒவ்வொரு செடிக்கும் அடியில் நாலு விரல் கனத்துக்குக் கொட்டி, கோட்டை கட்டியதுபோல் இடுப்பில் கைவைத்து நின்றார். அவளுக்கும் அன்றைக்கு அவரைப் பார்க்கப் பெருமையாகத்தான் இருந்தது.

அப்புறம் மூன்று நாள் மழை ஊற்றியது. நான்காம் நாள் வெயிலடித்ததும் பின்கட்டில் கால் வைத்தவள் திடுக்கிட்டாள். தரை கல்லாக இருந்தது. குச்சியால் தட்டினால் டொக்கென்றது. செடிகளெல்லாம் கழுத்தை நெரித்தாற்போல் மஞ்சளடித்துத் தொங்கின. நத்தைகளோ ஊரைக் கூட்டிவந்து அந்தத் தளத்தின்மேல் சாவகாசமாக ஊர்ந்துகொண்டிருந்தன.

பிளாக்கில் தெருக்கூட்டும் கான்ட்ராக்ட் தொழிலாளி பொற்கொடி, கம்மாபுரம் பக்கத்துக்காரி, வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"என்னாங்கம்மா, தோட்டத்துல போயி செமெண்ட் தர போட்டுகினு இருக்கீங்க?"

விஷயத்தைக் கேட்டதும் தலையிலடித்துக்கொண்டாள். "அய்யோ, அது வெறவு சாம்பல் இல்லீங்கம்மா. இதுல சுண்ணாம்பு இருக்குது, தண்ணி பட்டா இறுகிக்கும். எங்க ஊர்ல இத கொட்டித்தான் வூட்டு வாசல மேடு பண்றது. நத்தைக்கு ஓடு வளரவும் சுண்ணாம்புதாங்க வேணும். நீங்க எல போட்டு கூப்புட்டு வச்சிருக்கீங்க!"

இசக்கியம்மாளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஷிப்ட் முடிந்து வந்தவரை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"இருவத்தெட்டு வருசம் நெலக்கரி தோண்டுன மனுசனுக்கு, அதோட சாம்பலு என்ன செய்யும்னு தெரியாதா?"

"நான் தோண்டுறவன்தானட்டி. எரிக்கிறவன் இல்லையே."

அதற்கு அவள் சொன்னதை இங்கே எழுத முடியாது. மறுநாள் கருப்பசாமி கடப்பாரையை எடுத்தார். இரண்டு நாள் இடித்து, பாளம் பாளமாகப் பெயர்த்து வெளியே போட்டார். செடி ஒன்றும் தேறவில்லை. காலி செய்ய இருபது நாள்தான் இருந்தது.

"இருவது நாள்ல என்னாங்க வரும்? வெந்தயத்த வெதைங்க, கீர வரும்" என்றாள் பொற்கொடி. "சாயந்திரம் ஈரச் சாக்க விரிச்சு அடியில முட்டக்கோசு எல போட்டு வைங்க. விடிஞ்சா எல்லாம் அதுக்கடியில கெடக்கும். பொறுக்கிக்குங்க."

அப்படியே செய்தாள். தினமும் விடிந்ததும் சாக்கைப் புரட்டி, வாளி வாளியாகப் பொறுக்கி உப்புத்தண்ணீரில் போட்டாள். விரல் உயரத்துக்கு ஒரு பாத்திக் கீரை தப்பித்தது. ஊருக்குப் போகும் அன்று காலையில் பறித்து, பருப்பு போட்டுக் கடைந்து, சாப்பிட்டுவிட்டுத்தான் லாரி ஏறுவது என்று சொல்லிவைத்தாள்.

பத்தாம் தேதி லாரி சொன்ன நேரத்துக்கு ஒரு மணி முன்னதாகவே வந்துவிட்டது. முந்தானை நிறையக் கீரையோடு உள்ளே வந்தவள் சமையலறையில் அப்படியே நின்றாள். அடுப்பைக் காணோம்.

"ஏங்க, அடுப்பு எங்க?"

கருப்பசாமி வாசலில் நின்ற லாரியைப் பார்த்தார். சுமைதூக்குகிறவர்கள் கேட்டபோது இவர்தான் அதையும் ஏற்றச் சொல்லிக் கையைக் காட்டியிருந்தார். அடுப்பு லாரியின் அடியில், பீரோவும் கட்டிலும் அதன்மேல், எல்லாவற்றையும் சுற்றிக் கயிறு.

"மதுரையில போயி ஆக்கிக்கிடலாம், இசக்கி."

"மதுரையில ஆக்கவா நான் இங்க நத்த பொறுக்குனேன்?"

குழாயடிக்குப் போனாள். கீரையை அலசினாள். ஒரு பிடியை வாயில் திணித்துக் கண்ணீர் வழிய மென்றாள். இன்னொரு பிடியை அவர் வாய்க்கு நேரே நீட்டினாள். லாரிக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கூச்சத்தோடு வாயைத் திறந்தார்.

"கசக்குது, இசக்கி."

"கசக்கட்டும். மென்னு முழுங்குங்க."

டிரைவர் ஹாரன் அடித்தான். முந்தானை காலியாகும்வரை அவள் நகரவில்லை.