அக்கா தெருவின் மதிப்பெண்

...இரண்டு புள்ளி ஒன்று, மறுபடியுமா, எத்தனை சுற்று சுற்றினாலும் அதே இரண்டு புள்ளி ஒன்றுதானா... தெருத்தெருவாகக் கைபேசி சிக்னல் அளக்க இவள் காரின் முன்புறம் கட்டி வைத்த சோதனைக் கைபேசி, குரலுக்கு ஐந்துக்கு நாலு புள்ளி இரண்டை அள்ளிக் கொடுத்துவிட்டு, வந்து சேரும் வீடியோவுக்கு மட்டும் கஞ்சத்தனம் பண்ணுகிறது. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி ஒரே கட்டத்தில் எழுதுவது அலுவலக வழக்கம், மூன்றைத் தாண்டினால் தெரு தேறிவிட்டது, அப்புறம் ஒருவரும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார்கள். "மூணு தாண்டிடுச்சுல்ல மேடம், அடுத்த தெருவுக்கு விடட்டுமா?" என்கிறார் ஓட்டுநர். "இருங்கண்ணே." இது அக்கா தெரு ஆயிற்றே, பிறவியிலேயே காது கேட்காத அக்கா, தினமும் இங்கிருந்துதான் வீடியோவில் வருவாள், இவளுடைய திரையில் பளிச்சென்று நின்று விரலாலேயே ஊர்வம்பு அளப்பாள், இங்கிருந்து கிளம்பும் படம் தெளிவு, இங்கே வந்து சேருவதுதான் சல்லடை, அப்படியானால் இத்தனை வருஷமாக இவள் கை அக்காவுக்கு எப்படித் தெரிந்தது? ஒரு நாளாவது இவள் அதைக் கேட்டாளா? ஊருக்கெல்லாம் அளக்கிறவள்...

சொந்தக் கைபேசியில் அக்காவை அழைத்துக் கேட்டேவிடுகிறாள், அடடா, இங்கே நின்று பார்த்தால் அக்காவும் துண்டு துண்டாகத்தான் வருகிறாள், தூக்கிய கை தூக்கியபடி உறைகிறது, மூன்று முறை திருப்பிச் சொல்லச் சொல்லித்தான் பிடிபட்டது. 'உன் கை நின்னுட்டா புருவத்தைப் பார்ப்பேன், அதுவும் நின்னுட்டா, நீ என்ன சொல்லுவேன்னு எனக்குத் தெரியாதா?' என்று சைகை காட்டிச் சிரிக்கிறாள். கண்ணா அது! இப்படியொரு பெண்பிள்ளை எந்தக் கருவிக்குக் கட்டுப்படுவாள், பெருமை தாங்கவில்லை இவளுக்கு. கட்டத்தில் சராசரியை எழுதாமல் வெறும் இரண்டு புள்ளி ஒன்றை எழுதுகிறாள். "ஆபீஸ்ல கத்துவாங்களே மேடம்." "கத்தட்டும்ண்ணே." கத்துவார்கள்தான், வேலைக்கே வேட்டு வைத்தாலும் வைப்பார்கள், வைக்கட்டும்... ஆனால் போன மாதம், இவள் கணவன் வீட்டை விட்டுப் போன அன்று, 'உன்கூடவே வந்து இருந்துடட்டுமா அக்கா' என்று அழுதுகொண்டே கேட்டாளே, அக்கா சிரித்தபடி தலையாட்டிவிட்டுப் பூனை குட்டி போட்ட கதையை ஆரம்பித்தாள், அந்தக் கோபத்தில் ஒரு வாரம் முகம் கொடுக்கவில்லை, கை நின்று, புருவமும் நின்று, அக்கா தானாக எதையோ நிரப்பிக்கொண்டாளோ... அவள் வீட்டுக் கதவு இங்கிருந்து இருபதடி இருக்குமா?