மூன்று மணி நேரம் என்றொரு காபி

எங்கள் கடையில் காபிக்குத்தான் காசு. காபி முடிந்ததும் வருகிற ஐஸ் டீக்குக் கிடையாது. பாலும் சர்க்கரையும் இல்லாத, மல்லிகை மணக்கிற அந்த டீயைக் கேட்கக் கேட்க ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கான் தோ நகரத்தில் இதுதான் வழக்கம். ஒரே ஒரு காபியை வாங்கி வைத்துக்கொண்டு காலை முழுக்கச் சதுரங்கம் ஆடுகிறவர்களை இங்கே யாரும் எழுப்ப மாட்டார்கள்.

எதிரில் கண்ணாடிக் கடை ஒன்று திறந்த பிறகு எங்கள் முதலாளி த்ரோங் அண்ணனுக்குத் தூக்கம் போயிற்று. அங்கே காபியின் மேல் மேகம் மாதிரி நுரை நிற்கும். காலேஜ் பிள்ளைகள் அதோடு படம் எடுத்துக்கொண்ட பிறகுதான் குடிப்பார்கள்.

"யென், உணவுத் தொழில்நுட்பம் படிச்சேன்னு சொன்னியே, சும்மாவா படிச்சே? இந்த மாசத்துக்குள்ள மெனுவுல ஒரு புது அயிட்டம் ஓடணும். இல்லேன்னா உன் இடத்துக்கு என் அக்கா மகன் வர்றான்."

அக்கா மகனுடைய தகுதி, அக்காவுக்கு மகனாகப் பிறந்தது. எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். பைக் டாக்ஸி ஓட்டுகிற என் அப்பா, பின்னால் ஏறுகிற ஒவ்வொருவரிடமும் மகள் பெரிய வேலையில் இருக்கிறாள் என்று சொல்லிவிடுவார். வேலை இன்னும் நிரந்தரமில்லை என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

பம்ப்ளிமாஸ் காபி போட்டேன். வெண்ணெய்ப்பழக் காபி போட்டேன். துரியன் க்ரீம் அடித்து மேலே வைத்தேன். ஆத்திரத்தில் ஒருநாள் மீன் சாற்றைச் சர்க்கரைப்பாகில் காய்ச்சிக்கூட ஊற்றினேன். எல்லாவற்றையும் ருசி பார்த்தது வாசல் மேசைச் சதுரங்கக் கூட்டம். அதன் தலைவர் தாம் மாமா, படகு மெக்கானிக்காக இருந்து ஓய்ந்தவர்.

"பம்ப்ளிமாஸ் எப்படி மாமா?"

"பிரமாதம்மா. எஞ்சின்ல ஊத்தினா கரியெல்லாம் கழண்டு வந்துரும்."

"துரியன்?"

"இதைக் குடிச்சிட்டுப் போனா என் பொண்டாட்டி வாசல்லயே நிறுத்திருவா. நல்லதுதான், இன்னும் கொஞ்சம் ஊத்து."

வழித்துக் குடித்துவிட்டு, எப்போதும் குடிக்கிற பால் காபியைக் கேட்பார்கள். புதியதைக் காசு கொடுத்து ஒருவரும் வாங்கவில்லை.

த்ரோங் அண்ணன் காரணத்தைக் கண்டுபிடித்தார். "ஓசி டீ இருக்கிற வரைக்கும் இவனுங்க எதையும் வாங்கமாட்டானுங்க. நாளையிலேருந்து டீ கிடையாது."

"அண்ணே, டீ போனா ஆளும் போயிருவாங்க."

"நீ படிச்சது சமையல். வியாபாரத்தை நான் பாத்துக்கிறேன்."

ஆள் போகவில்லை. அதைவிட மோசம். பக்கத்துப் பஞ்சர் கடையிலிருந்து ஒரு ஜக் நிறைய டீ வாங்கி வந்து எங்கள் நாற்காலியிலேயே உட்கார்ந்து குடித்தார்கள். வழக்கம்போலக் காலிக் காபி கிளாசிலேயே ஊற்றினார்கள். மிச்ச ஐஸும் அடியில் ஒட்டிய கெட்டிப்பாலும் டீயில் கரைந்து, அந்தி நேரத்து ஆறு மாதிரி ஒரு நிறம் வந்தது.

எதிர்க்கடையில் மேசையைக் காலி செய்யச் சொன்னதால் எழுந்து வந்த இரண்டு மாணவிகள் அதைப் பார்த்து நின்றார்கள்.

"தாத்தா, அது என்ன ட்ரிங்க்?"

"இதுவா? மூணு மணி நேரம்," என்றார் தாம் மாமா, காயை நகர்த்திக்கொண்டே. "குடிச்சா அவ்வளவு நேரம் எந்திரிக்க வேண்டியதில்லை."

"அக்கா, எங்களுக்கு ரெண்டு 'மூணு மணி நேரம்'."

உயரமான கிளாஸ் எடுத்தேன். அடியில் கெட்டிப்பால், அதன்மேல் ஐஸ், ஐஸின் மேல் டீ, கடைசியாகக் கரண்டி முதுகில் மெதுவாக வழியவிட்டுக் கருங்காபி. மூன்று நிறமும் தனித்தனியாக நின்றன. வாங்கினால் மூன்று மணி நேரம் யாரும் எழுப்பமாட்டார்கள் என்று பலகையில் எழுதி வாசலில் வைத்தேன். மாதக் கடைசியில் எங்கள் கடையில் நாற்காலி போதவில்லை.

அப்போதுதான் அக்கா மகன் பையோடு வந்து இறங்கினான்.

"வர்றேன்னு முன்னாடியே சொல்லிட்டான், என்ன பண்றது," என்றார் த்ரோங் அண்ணன், என் முகத்தைப் பார்க்காமல். "ஐடியா எப்படியும் என்னோடதுதானே. நான் டீயை நிறுத்தினதாலதான வந்துச்சு. அவனுக்குச் சொல்லிக்குடுத்துட்டுப் போ."

நான் ஏப்ரனைக் கழற்றினேன். ஒரு 'மூணு மணி நேரம்' போட்டு, அதற்கான காசைக் கல்லாவில் வைத்துவிட்டு, வாசல் மேசையில் தாம் மாமா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

அக்கா மகன் காபியை ஒரே கவிழ்ப்பாகக் கவிழ்த்தான். கிளாசுக்குள் வெள்ளக்காலத்து ஆறு. "என்ன இது, சேறு மாதிரி?" என்று ஒரு பையன் திருப்பிக் கொடுத்தான். அண்ணன் தானே ஒன்று போட்டார். அது இன்னும் கலங்கல். கிளாஸ்கள் திரும்பி வந்து வரிசையாக நின்றன.

"யென், என்ன உட்கார்ந்திருக்கே? எந்திரிச்சு வா."

"பலகையைப் படிங்கண்ணே. எனக்கு இன்னும் ரெண்டே முக்கால் மணி நேரம் இருக்கு."

தாம் மாமா சதுரங்கத்தை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். கடையே பார்த்தது.

"சரி. வேலை நிரந்தரம். போதுமா?"

"சத்தமா சொல்லுங்க. இவங்கல்லாம் சாட்சி."

"நிரந்தரம்!"

"வாசல் மேசைக்கு டீ?"

அவர் அக்கா மகனை ஒரு பார்வை பார்த்தார். "ஓசிதான். கொண்டுபோய் ஊத்துடா."

ஊற்றினான். அதை மட்டும் நன்றாகவே செய்தான். நான் என் கிளாசை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.