எண்பதாயிரத்துக்குள்

மார்லிஸிடம் எண்பதாயிரம் டாலர் இருந்தது. அம்மாவின் வீட்டை விற்ற பணம். அதற்கு மேல் ஒரு சென்ட் கிடையாது. எல்க்ஹார்ட் ஊர் விற்பனைக் கூடத்தில் அவள் பார்த்து வைத்திருந்த கேரவனின் முன்கண்ணாடியில் லட்சத்துப் பன்னிரண்டாயிரம் என்று எழுதியிருந்தது.

பேரம் பேச அவளுக்கு வராது. புருஷன் வெண்டெலுக்கு வரும். முப்பத்தோரு வருஷம் கேரவன் ஆலையில் தரம் பார்த்தவன். அவனை விட்டுப் போவதற்கான வண்டிக்கு அவனையே பேரம் பேசக் கூட்டி வந்திருந்தாள். கோடையில் இருவரும் ஏரிப் பக்கம் போகத்தான் வண்டி என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

வெண்டெல் எதுவும் பேசவில்லை. பையிலிருந்து நீல டேப் சுருளை எடுத்தான். ஆலையில் செய்ததுபோலவே, குறை கண்ட இடத்திலெல்லாம் விரலளவு கிழித்து ஒட்டினான். கதவோரம் பசை வழிந்திருந்தது. ஒரு டேப். அலமாரி கோணல். ஒரு டேப். விற்பனையாள் டிராவிஸ் பின்னாலேயே நடந்தான். இருபதாவது டேப்பில் அவனுக்குப் பொறுக்கவில்லை.

"புது வண்டின்னா இதெல்லாம் சகஜம் சார். வாரண்டியில சரி பண்ணிக்கலாம்."

வெண்டெல் இன்னொன்று ஒட்டினான்.

"சரி சார், லட்சத்து நாலாயிரம்."

இன்னொன்று.

"தொண்ணூத்தெட்டு."

மார்லிஸுக்கு அந்த மௌனம் பழக்கம். அவள் சமையலை, முடியை, உடம்பை முப்பத்தாறு வருஷமாக அவன் அப்படித்தான் பார்த்தான். திட்டமாட்டான். தொட்டுக் காட்டுவான். அவளே மன்னிப்புக் கேட்பாள்.

டிராவிஸ் மேனேஜரிடம் ஓடிப் போய்த் திரும்பி வந்தான். "எண்பத்தாறு. இதுக்குக் கீழ போனா என் சட்டையத்தான் கழட்டித் தரணும்."

"உன் சட்டை எனக்குப் பத்தாதுப்பா" என்றான் வெண்டெல். அன்று அவன் முதலில் பேசியது அதுதான். இன்னொரு துண்டு கிழித்தான். மார்லிஸின் சட்டையில் இடது பக்கம் ஒட்டினான். இரண்டு வருஷத்துக்கு முன் மார்பை அறுத்து எடுத்த இடம்.

"இதுலயும் ஒரு பார்ட் இல்ல, பாரு. ஆனா இதுக்கு எவனும் எனக்குத் தள்ளுபடி தரல. நீயாவது குடு."

டிராவிஸ் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு சிரித்தான்.

மார்லிஸும் சிரித்தாள். விலை இன்னும் ஆறாயிரம் இறங்க வேண்டியிருந்தது. சிரித்தால் வெண்டெலுக்கு உற்சாகம் வரும். உற்சாகம் வந்தால் விடமாட்டான்.

விடவில்லை. கூரைமேல் ஏறினான். அடியில் மல்லாந்து படுத்தான். நாற்பத்தேழு டேப். "வரியெல்லாம் சேர்த்து எழுபத்தொம்பதாயிரத்து ஐநூறு" என்று டிராவிஸ் சொன்னபோது அவன் காலர் வியர்வையில் நனைந்திருந்தது. வெண்டெல் கை குலுக்கிவிட்டுக் காபி குடிக்கப் போனான்.

உள் அறையில் டிராவிஸ் காகிதத்தை அவள் பக்கம் திருப்பினான். "வண்டியத் தயார் பண்ற கட்டணம் ஆயிரத்து நானூறு மேடம். அது எல்லாருக்கும் உண்டு."

தொள்ளாயிரம் இடித்தது. மார்லிஸ் எழுந்து காபி மேஜைக்குப் போனாள். சொன்னாள்.

"அஞ்சு நிமிஷம் தனியா விட்டா ஏமாந்துட்டு வந்து நிக்கிற" என்றான் வெண்டெல். "சொல்லு, நான் இல்லாம உன்னால ஒரு ரொட்டியாவது வாங்க முடியுமா?"

பக்கத்தில் நாலு பேர் காபிக் கோப்பையோடு திரும்பிப் பார்த்தார்கள்.

"முடியாது."

"சத்தமா."

"நீ இல்லாம முடியாது வெண்டெல்."

அவன் எழுந்து போனான். இரண்டே நிமிஷத்தில் அந்தக் கட்டணத்தை அடிக்க வைத்துவிட்டு, அவர்கள் வந்த பிக்கப் வண்டியை எடுக்க வெளியே நடந்தான்.

"வண்டிய யார் யார் பேர்ல எழுதணும் மேடம்?" என்றான் டிராவிஸ்.

"என் பேர் மட்டும்."

டிராவிஸ் நிமிர்ந்தான். கண் அவள் சட்டைக்குப் போய்த் திரும்பியது. "மேடம்... அந்த டேப் அப்படியே இருக்கு."

"நீ சிரிச்சப்பவும் இருந்துச்சு. எழுது."

"என் பின்னாடியே வா. எங்கயாவது இடிச்சுத் தொலைச்சிடாத" என்று சொல்லிவிட்டு வெண்டெல் முன்னால் போனான். வீட்டுக்குப் போகும் திருப்பத்தில் பிக்கப் இடது பக்கம் திரும்பியது. அவள் கேரவனை நேராக ஓட்டினாள். போன் அடித்தது.

"திருப்பத்த விட்டுட்டியேடி, முட்டாள்."

"விடல. வண்டி என் பேர்ல இருக்கு. நான் வரல வெண்டெல்."

"முப்பத்திரெண்டாயிரம் குறைச்சுக் குடுத்திருக்கேன்டி உனக்கு." குரல் உடைந்திருந்தது. ஆபரேஷனன்றுகூட அந்தக் குரல் உடைந்ததில்லை.

"ஆமா. அதுக்குத்தான் உன்னக் கூட்டிட்டு வந்தேன்."

நாற்பது மைல் தள்ளிப் பெட்ரோல் போட நிறுத்தினாள். கையில் மீதி ஐநூறு. டேங்க் நிறைய நூற்றறுபது டாலர் பிடித்தது. அதை அவள் யோசித்து வைத்திருக்கவில்லை. டேப்பை உரித்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, இதே கேரவனைத் திரும்ப விற்றால் என்ன கிடைக்கும் என்று கணக்குப் போட ஆரம்பித்தாள்.