நிலுவை இல்லை

குரோம்பேட்டை ஷூ கம்பெனியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, நஃபீசா ஒன்பது மணிக்கே தாம்பரம் வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். மனநோயாளிகள் உரிமை அலுவலகம் அன்று பினாயில் மணத்தது. மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு வருகிறார்களாம்.

அவள் தம்பி மொஹ்சின் படப்பையில் ஒரு தனியார் மனநல இல்லத்தில் இருந்தான். ரம்ஜானுக்குப் பார்க்கப் போனவள் அவன் இடது கணுக்காலில் சங்கிலித் தழும்பைப் பார்த்தாள். இந்த அலுவலகத்தில் மனு எழுதிக் கொடுத்து ஐந்து மாதம் ஆகிறது.

கிளார்க் ஸ்ரீநிவாசன் கூப்பிட்டார். "உங்க மனு மேல நடவடிக்கை எடுத்தாச்சும்மா. இங்க ஒரு கையெழுத்து போடுங்க."

"யாராவது போய்ப் பாத்தாங்களா சார்?"

"அதான் எடுத்தாச்சுன்றேனே. இன்னிக்கு ஃபைல் நிலுவைல நின்னா, மறுபடியும் மொதல்லேர்ந்து அலையணும். உங்க நல்லதுக்குத்தான்."

போட்டாள்.

ஆய்வு அதிகாரி ரிஜிஸ்டரைக் கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டினார். "நிலுவை?"

"ஒண்ணுகூட இல்ல சார்."

"இந்தம்மா?"

"தம்பி விஷயமா வந்தாங்க. முடிஞ்சுது சார்."

"திருப்தியாம்மா?"

அவள் மனம் அதற்குள் படப்பைக்குப் போயிருந்தது. "ரொம்ப நன்றி சார்," என்றாள். அதிகாரி அதையும் குறித்துக்கொண்டார்.

வெளியே வந்து மொஹ்சினுக்குப் பிடித்த தேங்காய் பிஸ்கட் வாங்கிக்கொண்டு படப்பை பஸ் ஏறினாள். ஐந்து மாதத்தில் முதல்முறையாக நெஞ்சு லேசாக இருந்தது.

இல்லத்து மேனேஜர் சூர்யநாராயணன் என்றும் இல்லாத மரியாதையாக நாற்காலி காட்டினார். அவர் மேஜையில் அவளுடைய மனு கிடந்தது. அவளுடைய சாய்ந்த கையெழுத்தேதான். ஓரத்தில் அலுவலக முத்திரை, அதன் கீழே ஒரு வரி: 'தக்க நடவடிக்கைக்காக இல்ல நிர்வாகத்துக்கு அனுப்பப்படுகிறது.'

திருடன் கையிலேயே சாவியைக் கொடுத்த கதை.

"எங்க மேலயே எழுதிப் போட்டுட்டு எங்ககிட்டயே வரீங்க. பரவால்ல," என்றார் அவர். "உங்க தம்பி இப்ப யாரையும் பாக்கற நிலைமைல இல்ல."

"ஒரு தடவ மூஞ்சியக் காட்டுங்க சார். போயிடுறேன்."

"சன்னல் வழியா பாத்துக்கோங்க."

பின்கட்டில் சுவரோரம் மொஹ்சின் உட்கார்ந்திருந்தான். அவளைக் கண்டதும் எழுந்தான். ஓரடி வைப்பதற்குள் சங்கிலி இழுத்துவிட்டது. இப்போது இரண்டு காலிலும் போட்டிருந்தார்கள்.

அவள் வாய் திறப்பதற்குள் அவன் அவசரமாக உதட்டில் விரல் வைத்தான். பிறகு அந்த விரலாலேயே உள்ளங்கையில் எழுதுவதுபோல் காட்டி, வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டினான்.